மதுரை விமான நிலையத்தைத் தனியாரிடம் கொடுத்தால் வெளிநாட்டு விமானங்கள் வந்துவிடுமா?

திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டெல்லி விமான நிலையத்தைத் தனியார் நடத்துகிறார்கள், உலகத் தரம் என்கிறார்கள். மதுரையை அரசு நடத்துகிறது. நாமோ சிங்கப்பூர் போக வேண்டுமானால் திருச்சிக்கும், வளைகுடா போக வேண்டுமானால் கொச்சிக்கும் ஓடுகிறோம். மதுரையையும் தனியாரிடம் கொடுத்துவிட்டால் எமிரேட்ஸும் சிங்கப்பூர் நிறுவனங்களும் இங்கே வந்துவிடுமா? விமான நிலையத்தை நடத்துவது என்றால் உண்மையில் யார் எதைச் செய்கிறார்கள்?"

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறேன்: வராது. விமான நிலையத்தை யார் நடத்துகிறார் என்பது ஒரு பூட்டு, எந்த நாட்டு விமானம் அங்கே இறங்கலாம் என்பது வேறொரு பூட்டு. ஒன்றின் சாவியை மற்றொன்றில் போட்டுத் திருகிக்கொண்டிருக்கிறோம். டவுன்ஹால் ரோட்டில் டிக்கெட் தொழிலில் இருப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என் மேசைக்கு வராத வாரமே இல்லை. கேட்பவர்கள் வருத்தத்தோடுதான் கேட்கிறார்கள். அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

டெல்லியிலிருந்து தொடங்குவோம். பாலம் விமான நிலையமாக இருந்ததற்கு 1986இல் இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 2006 மே மாதம் வரை அதை நடத்தியது அரசுதான். அந்த மாதம் அதன் பொறுப்பை டெல்லி இன்டர்நேஷனல் ஏர்போர்ட் லிமிடெட் என்ற கூட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டது. அதில் பெரும்பங்கு ஜிஎம்ஆர் என்ற தனியார் குழுமத்துக்கு. 26 சதவீதப் பங்கு இன்றும் மத்திய அரசின் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில் இருக்கிறது. ஒப்பந்தம் 30 ஆண்டுகளுக்கு. அதற்குப்பின் இன்னொரு 30 ஆண்டுகள் நீட்டித்துக்கொள்ளலாம். நிலம் விற்கப்படவில்லை. குத்தகை முடிந்தால் நிலமும் கட்டடமும் அரசிடம் திரும்பும்.

இந்த ஒப்பந்தத்தில் நம் ஊருக்கும் தொடர்புள்ள ஓர் எண் இருக்கிறது: 45.99. டெல்லி விமான நிலையத்தின் வருவாயில் இத்தனை சதவீதத்தை ஆணையத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லித்தான் அந்தக் கூட்டு நிறுவனம் ஏலத்தை வென்றது. கவனியுங்கள், இது லாபத்தில் பங்கு அல்ல, வருவாயில் பங்கு. மும்பைக்கு அப்போது ஒப்புக்கொண்டது 38.7 சதவீதம். ஆணையம் நாடெங்கும் நூற்றுக்கும் மேற்பட்ட விமான நிலையங்களைப் பராமரிக்கிறது. அவற்றில் பல சொந்தக் காலில் நிற்க முடியாதவை. பெரிய நகரங்களிலிருந்து வரும் பணத்தில்தான் சிறிய ஊர்களின் ஓடுதளத்துக்குத் தார் போடுகிறார்கள். டெல்லி மூன்றாவது முனையத்தில் ஒருவர் வாங்கும் காப்பியின் விலையில் ஒரு துளி, ஆணையத்தின் கணக்கு வழியாக, மதுரை விமான நிலையம் இருக்கும் நம் பெருங்குடிப் பக்கமும் வரக்கூடும். டெல்லியைத் தனியாரிடம் கொடுத்தது நல்லதா கெட்டதா என்று வாதாடுபவர்கள் இந்தப் பணவோட்டத்தையும் சேர்த்துப் பேச வேண்டும்.

தனியார் வந்த பிறகு டெல்லி மாறியது உண்மை. காமன்வெல்த் போட்டிகளுக்கு முன் 2010 ஜூலையில் மூன்றாவது முனையம் திறந்தது. 2023இல் நான்காவது ஓடுதளம் வந்தது. ஆண்டுக்கு ஏழு கோடிக்கும் மேற்பட்ட பயணிகள் அங்கே வந்துபோகிறார்கள். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்த நிறுவனம் எதையெல்லாம் நடத்தவில்லை என்று பாருங்கள். டெல்லியில் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அமர்ந்து விமானங்களுக்கு இறங்கவும் ஏறவும் அனுமதி கொடுப்பவர்கள் ஆணையத்தின் ஊழியர்கள். பயணிகளைச் சோதிப்பது மத்திய தொழிற் பாதுகாப்புப் படை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது உள்துறை அமைச்சகத்தின் ஆட்கள். பெட்டியைத் திறக்கச் சொல்வது நிதி அமைச்சகத்தின் சுங்கத்துறை. தனியார் நடத்துவது என்றால் ஓடுதளமும் முனையக் கட்டடமும் வண்டி நிறுத்தமும் கடைகளும் விளம்பரப் பலகைகளும்தான். அதுவே பெரிய வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் வானம் அவர்கள் கையில் இல்லை.

மதுரையிலும் இதே கைகள்தான், கட்டடத்தை நடத்தும் கை மட்டும் வேறு. நம் ஊரில் முனையமும் ஓடுதளமும் கோபுரமும் மூன்றுமே ஆணையத்திடம் இருக்கின்றன. இந்த ஆணையம் 1995 ஏப்ரல் 1 அன்று பிறந்தது. அதுவரை பெரிய சர்வதேச விமான நிலையங்களுக்கு ஒரு நிறுவனமும் மற்றவற்றுக்கு இன்னொரு நிறுவனமும் இருந்தன. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கினார்கள்.

ஒரு பயணியோடு நடந்து பார்த்தால் எளிதாக விளங்கும். மேலூரிலிருந்து ஓர் அம்மா கொழும்பு வழியாக மகனிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுச்சாலையும் வழித்தடப் பேருந்தும் தெருவிளக்கும் மாநில அரசு, மாநகராட்சி சம்பந்தப்பட்டவை. வாசலில் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் ஒப்பிட்டுப் பார்க்கும் காவலர் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையைச் சேர்ந்தவர். 1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து வந்த இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டுக் கந்தகாருக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு, 2000ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வொரு விமான நிலையமாக இந்தப் படையிடம் ஒப்படைத்தார்கள். அவர்கள் என்ன சோதிக்க வேண்டும், எப்படிச் சோதிக்க வேண்டும் என்ற விதிகளை வகுப்பது இன்னொரு அமைப்பு, சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம். போர்டிங் பாஸ் கொடுப்பவர் விமான நிறுவனத்தின் ஆள், அல்லது அதன் சார்பில் வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். அந்த அம்மாவின் ஊறுகாய்ப் புட்டியை கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்று சொல்பவருக்கும் பெட்டி இரண்டு கிலோ கூடுதல் என்று சொல்பவருக்கும் சம்பளம் கொடுப்பவர்கள் வேறு வேறு. அடுத்தது குடியுரிமைச் சோதனை, பிறகு சுங்கம். ஓடுதளத்தில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று விமானிக்குச் சொல்லும் தகவல் இந்திய வானிலை ஆய்வுத் துறையுடையது. எரிபொருள் எண்ணெய் நிறுவனத்துடையது. தீயணைப்பு வண்டி மட்டும் ஆணையத்தின் சொந்த வண்டி. இவை எல்லாம் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து விமான நிலையத்துக்கே உரிமம் கொடுப்பது சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம்.

டிக்கெட்டின் கட்டண விவரத்தைப் பலரும் படிப்பதில்லை. அடுத்த முறை கட்டாயம் பாருங்கள். அடிப்படைக் கட்டணம் விமான நிறுவனத்துக்கு. பயனர் மேம்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று இருந்தால் அது விமான நிலையத்தை நடத்துபவருக்கு. விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்பது சோதனை செய்யும் படையின் செலவுக்கு. நான் சொன்ன கைகள் அந்தச் சீட்டிலேயே வரிசையாக அச்சாகியிருக்கின்றன. டெல்லி போன்ற பெரிய விமான நிலையங்களில் இந்தக் கட்டணங்களை முடிவு செய்ய 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. தனியார் தம் விருப்பம்போல் கட்டணம் வைக்க முடியாது. ஆண்டுக்கு 35 லட்சம் பயணிகள் என்ற வரம்பை எட்டும் விமான நிலையங்கள் அதன் கீழ் வரும். மதுரை அந்த வரம்புக்கு வெகுதூரம் கீழே இருக்கிறது.

இனி உங்கள் கேள்வியின் உயிர்நாடிக்கு வருகிறேன்.

ஒரு நாட்டின் வானம் அந்த நாட்டுக்கே சொந்தம். 1944இல் சிகாகோவில் உலக நாடுகள் கூடிச் செய்துகொண்ட உடன்படிக்கையின் முதல் விதியே இதுதான். ஆகவே எந்த வெளிநாட்டு நிறுவனமும், பயணிகள் குவிந்திருக்கிறார்கள் என்பதற்காக மட்டும் ஓர் ஊரில் வந்து இறங்கிவிட முடியாது. இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் இரண்டு விஷயங்கள் எழுதப்பட்டிருக்கும். வாரத்துக்கு எத்தனை இருக்கைகள் அல்லது எத்தனை விமானங்கள் என்பது ஒன்று. எந்தெந்த ஊர்களில் இறங்கலாம் என்ற பட்டியல் இன்னொன்று. இந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர் இல்லையென்றால் ஓடுதளம் தங்கத்தால் இழைக்கப்பட்டிருந்தாலும் அந்த நாட்டு விமானம் அங்கே வராது.

ஐக்கிய அரபு அமீரகம், சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளோடு இந்தியா செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுகளில் மதுரை இல்லை. இதுதான் முழு விஷயமும். எமிரேட்ஸ் நிறுவனத்தின் மேலாளர் மதுரைக்கு வர ஆசைப்பட்டாலும் சட்டம் வழிவிடாது. துபாயைப் பொறுத்தவரை இன்னொரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. வாரத்துக்கு ஏறத்தாழ 65 ஆயிரம் இருக்கைகள் என்று 2014 வாக்கில் ஒப்புக்கொண்ட அளவை அவர்கள் நிரப்பிவிட்டார்கள். கூடுதல் கேட்டு வருகிறார்கள், இந்தியா கொடுக்கவில்லை.

இந்திய நிறுவனங்களுக்கு இந்தத் தடை இல்லை. இந்தியாவின் எந்தச் சுங்க விமான நிலையத்திலிருந்தும், அதாவது சுங்கச் சோதனைக்கு அறிவிக்கப்பட்ட எந்த விமான நிலையத்திலிருந்தும், அவை பறக்கலாம். அதனால்தான் 2012 செப்டம்பரில் மதுரையிலிருந்து கிளம்பிய முதல் சர்வதேசப் பயணிகள் விமானம் ஸ்பைஸ்ஜெட்டின் கொழும்பு விமானமாக இருந்தது. துபாய், சிங்கப்பூர், அபுதாபி என்று அதன்பின் இங்கிருந்து பறந்தவையும் இந்திய நிறுவனங்களே. ஸ்ரீலங்கன் மட்டும் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தும் இங்கே இறங்குகிறது, ஏனென்றால் இலங்கையோடு உள்ள ஏற்பாடு மதுரைக்கு வர இடம் கொடுக்கிறது. அடுத்தடுத்து நிற்கும் இரண்டு விமானங்களின் வாலில் உள்ள பெயர்களைப் பார்த்தாலே டெல்லியில் கையெழுத்தான காகிதத்தைப் படித்துவிடலாம்.

இப்போது திருச்சியைப் பாருங்கள். அதை நடத்துவதும் இதே ஆணையம்தான். அங்கே சிங்கப்பூரின் ஸ்கூட் வருகிறது, ஏர்ஏசியா வருகிறது, பாத்திக் ஏர் வருகிறது, வியட்நாமின் வியட்ஜெட்டும் வந்தது. காரணம், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் விமானங்களுக்கு இந்தியா தாராளமாகத் திறந்துவிட்ட 18 சுற்றுலா நகரங்களின் பட்டியலில் திருச்சி இருக்கிறது. மதுரை இல்லை. மீனாட்சி அம்மன் கோவில் இருக்கும் ஊர், ராமேஸ்வரத்துக்கும் கொடைக்கானலுக்கும் வாசலாக இருக்கும் ஊர், சுற்றுலா நகரங்களின் பட்டியலில் இல்லை என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. திருச்சியின் ஓடுதளம் எட்டாயிரம் அடியைச் சற்றே தாண்டியது. மதுரையுடையது ஏறத்தாழ 7,500 அடி. ஸ்கூட்டும் ஏர்ஏசியாவும் திருச்சிக்கு அனுப்பும் நடுத்தர விமானங்களைப் போன்றவை மதுரையில் தினமும் இறங்கி ஏறுகின்றன. அதனால் ஓடுதளம் குட்டை, அதுதான் வெளிநாட்டு நிறுவனங்கள் வரவில்லை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. சென்னையையும் ஆணையம்தான் நடத்துகிறது. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் எல்லாம் அங்கே வந்துகொண்டுதான் இருக்கின்றன. அரசு நடத்துவதால் யாரும் வரமாட்டார்கள் என்ற பேச்சுக்கு இதற்குமேல் மறுப்பு தேவையில்லை.

தனியார் கதைக்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரம் 2021 அக்டோபரில் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. 50 ஆண்டுக் குத்தகை. பயணி ஒருவருக்கு 168 ரூபாய் வீதம் ஆணையத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டு ஏலம் எடுத்தார்கள். கேரள அரசின் நிறுவனம் கேட்டது 135 ரூபாய். எமிரேட்ஸ் அதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பிருந்தே திருவனந்தபுரத்துக்கு வந்துகொண்டிருந்தது. நாகர்கோவில்காரர்கள் அதில்தான் போனார்கள். கைமாறியதால் வந்த விமானம் அல்ல அது. கொச்சியின் கதை வேறு வகை. அங்கே அரசிடம் பணமில்லை என்றபோது வெளிநாடுகளில் வேலை பார்த்த மலையாளிகளும் மற்றவர்களும் பங்கு வாங்கி, கேரள அரசும் பெரிய பங்குதாரராகச் சேர்ந்து, நெடும்பாசேரியில் கட்டி 1999இல் திறந்தார்கள். மாநில முதலமைச்சரே அந்த நிறுவனத்தின் தலைவர். 2015இல் முழுவதும் சூரிய மின்சாரத்தில் இயங்கத் தொடங்கியது. தேனி, கம்பம் பக்கத்து மக்கள் மலையேறி அங்கே போவதை நான் குறை சொல்லமாட்டேன். ஊர்க்காரர்கள் கூடி விமான நிலையம் கட்ட முடியும் என்று காட்டியதற்காக அந்த ஊரை மனதார மதிக்கிறேன்.

மதுரையைத் தனியாருக்குக் கொடுக்கும் பேச்சு வெறும் டீக்கடைப் பேச்சு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அரசுச் சொத்துகளைக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்ட 2021இல் மத்திய அரசு வெளியிட்ட தேசியப் பணமாக்கல் திட்டத்தில் 25 விமான நிலையங்களின் பெயர்கள் இருந்தன. சென்னை, திருச்சி, கோவை, மதுரை நான்கும் அதில் உண்டு. என் கருத்தைக் கேட்டால், நடத்துபவர் யார் என்பதைவிட ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பதே முக்கியம். கழிப்பறை சுத்தமாகும், கடைகள் கூடும், வண்டி நிறுத்தக் கட்டணமும் கூடும். சிங்கப்பூர் விமானத்தைக் கொண்டுவருவது மட்டும் குத்தகைதாரரால் முடியாது.

மத்திய அரசு பட்டியலைத் திறக்கத் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. வளைகுடா நிறுவனங்களுக்கு இந்திய நகரங்களைத் திறந்துவிட்டால் அவர்கள் நம் பயணிகளைத் துபாய்க்கும் தோஹாவுக்கும் கொண்டுபோய் அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றிவிடுகிறார்கள். வருமானம் வெளியே போகிறது. நம் நிறுவனங்கள் வளர இடம் வேண்டும் என்கிறது அரசு. இண்டிகோ 2023 ஜூனில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஏர் இந்தியா அதே ஆண்டு 470 விமானங்களுக்குக் கொடுத்தது. அவை வரும்வரை பொறுத்திருங்கள் என்பது டெல்லியின் நிலைப்பாடு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் டெல்லியிலும் மும்பையிலும் இருப்பவருக்கு ஏற்கெனவே பத்து நாட்டு விமானங்கள் வாசலில் நிற்கின்றன. அந்தக் கொள்கைக்கான விலையை நள்ளிரவில் வேன் பிடித்துத் துவரங்குறிச்சி, விராலிமலை வழியாகத் திருச்சிக்குப் போகும் சிவகங்கைக்காரர் கொடுக்கிறார். வழியனுப்ப வரும் குடும்பத்துக்கும் சேர்த்து வேன் வாடகை, வழிச் சாப்பாடு, ஒருநாள் கூலி. டிக்கெட்டில் அச்சாகாத கட்டணங்கள் இவை.

சர்வதேசத் தகுதி பற்றிய குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 2012 அக்டோபரில் மத்திய அரசு லக்னோ, வாரணாசி, திருச்சி, மங்களூரு, கோவை ஆகிய ஐந்துக்கும் சர்வதேசத் தகுதி கொடுத்தது. மதுரைக்கு அப்போது கிடைக்கவில்லை. மதுரை நெடுங்காலம் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி அறிவிக்கப்பட்ட சுங்க விமான நிலையமாகவே இருந்துவந்திருக்கிறது. அதன் பொருள், வெளிநாட்டிலிருந்து வரும் விமானம் இறங்கலாம், சுங்கமும் குடியுரிமைச் சோதனையும் இருக்கும் என்பதே. சர்வதேசத் தகுதியால் வசதிகள் விரியும், ஊருக்கு மதிப்பு கூடும், பேச்சுவார்த்தையில் வலு சேரும். ஒப்பந்தப் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது. பட்டியல் வேறு, தகுதி வேறு.

ஓடுதளத்தை 12,500 அடியாக நீட்டும் திட்டம் ஏன் என்று கேட்பீர்கள். அது லண்டன், ஐரோப்பா போன்ற தொலைதூரங்களுக்குச் செல்லும் பெரிய விமானங்களுக்காக. வெயிலில் காற்று விரிந்து அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தேவையான தூக்குவிசை கிடைக்க விமானம் இன்னும் வேகமாக, இன்னும் நெடுந்தூரம் ஓட வேண்டியிருக்கும். சித்திரை வெயிலில் மதுரை ஓடுதளம் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஓடும் தூரம் போதவில்லையென்றால் எடையைக் குறைக்க வேண்டும். அதாவது பயணிகளையோ சரக்கையோ எரிபொருளையோ. குறுந்தூரத்துக்கு இது பெரிய தொல்லை அல்ல, எரிபொருள் நிறையச் சுமக்கும் நெடுந்தூர விமானத்துக்கு இதுதான் முதல் தொல்லை. தூத்துக்குடியில் 1,350 மீட்டராக இருந்த ஓடுதளத்தை 3,115 மீட்டராக்கிவிட்டார்கள். மதுரையுடையது இன்னும் ஏறத்தாழ 2,286 மீட்டர்.

இந்த நீட்டிப்பில் ஆணையத்தால் மட்டும் எதுவும் செய்ய முடியாது. நிலம் எடுத்துக் கொடுப்பது மாநில வருவாய்த் துறை. அறுநூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். நடுவே சுற்றுச்சாலை குறுக்கிடுகிறது, அதைத் தரைக்கடியில் கொண்டுபோவது என்பது திட்டம். கண்மாய்களும் வயல்களும் வீடுகளும் அந்த எல்லைக்குள் வருகின்றன. 2024 நவம்பரில் சின்ன உடைப்பு கிராமத்து மக்கள் மறுகுடியமர்வு கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள், நீதிமன்றம் வரை போனது. விமான நிலையம் விரிய வேண்டும் என்று ஆசைப்படும் நான், அந்த மக்கள் கேட்டதில் தவறு எதையும் காணவில்லை. நம் பயணத்துக்காக வீட்டை விடுபவருக்கு, வீட்டை இடிக்கும் முன்பே மாற்று வீடு கண்ணில் தெரிய வேண்டும். அதைச் செய்யாமல் வளர்ச்சிக்குத் தடை என்று அவர்களைப் பேசுவது அநியாயம்.

பலர் கவனிக்காத இன்னொரு கை மாநகராட்சியுடையது. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி குப்பை கொட்டக் கூடாது, கால்நடைகளை வெட்டக் கூடாது என்று விமான விதிகளிலேயே இருக்கிறது. அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல் குப்பைக் கிடங்கு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். கண்மாய்க்குக் கொக்கும் நாரையும் வருவது இயற்கை, குப்பைக்குப் பருந்து வருவது நாம் செய்வது. இறங்கும் விமானத்தின் எஞ்சினில் ஒரு பறவை போனால் போதும். விமான நிலைய இயக்குநர் எத்தனை கடிதம் எழுதினாலும் குப்பையை அகற்ற வேண்டியது வேறொருவர்.

இரவு நேரம் பற்றியும் கேட்பார்கள். மதுரை நெடுங்காலம் இரவில் மூடியிருந்த விமான நிலையம். 2024 அக்டோபர் 1 முதல் 24 மணி நேரமும் இயங்கும் என்று ஆணையம் அறிவித்தது. இதற்கு ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்றால், இரவில் திறந்து வைக்க ஒரு விளக்குப் போதாது. கோபுரத்தில் இன்னொரு ஷிப்ட், தீயணைப்பில் இன்னொரு ஷிப்ட், பாதுகாப்புப் படையில் இன்னொரு ஷிப்ட், சுங்கத்திலும் குடியுரிமையிலும் அதேபோல. ஒவ்வொன்றுக்கும் பணியிட ஒப்புதல் வெவ்வேறு அமைச்சகத்திலிருந்து வர வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் மற்றவர்களின் ஆயத்தம் வீண். நேரம் திறந்துவிட்ட பிறகு இரவில் விமானத்தைக் கொண்டுவருவது விமான நிறுவனத்தின் முடிவு. வளைகுடாவிலிருந்து பயணிகள் விரும்பி வரும் நேரம் பின்னிரவும் அதிகாலையும் என்பதால், இது நமக்குப் பெரிய வாய்ப்பு.

அந்த வாய்ப்பில் மல்லிகைக்கும் பங்கு உண்டு. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியை விடியும் முன் மொட்டாகப் பறிக்கிறார்கள். மாலையில் அவிழ்ந்துவிடும். உசிலம்பட்டி, திருப்பரங்குன்றம், நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு வருகிறது. அங்கே எடை போட்டு, பனிக்கட்டியோடு பெட்டியில் அடைத்து, அன்றைய பொழுதுக்குள் விமானத்தில் ஏற்றினால்தான் வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் பெண் தலையில் அது பூவாக இருக்கும். சரக்குக்கென்று தனி விமானம் மதுரைக்கு வருவதில்லை. பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் பூவும் காய்கறியும் போக வேண்டும். இருக்கைகளுக்கு ஒப்பந்தம் இல்லையென்றால் பூவுக்கும் இடமில்லை. மதுரையில் பூத்த பூ சாலையில் மணிக்கணக்கில் பயணம் செய்து வேறு ஊரில் விமானம் ஏறுவதை நினைக்கும்போது, பயணிகள் படும் பாட்டைவிட இது எனக்குக் கூடுதலாக வலிக்கிறது.

மாநில அரசின் கையில் இன்னொரு கருவி உண்டு, எரிபொருள் வரி. விமான எரிபொருள் சரக்கு சேவை வரிக்குள் வரவில்லை, மாநிலமே வரி போடுகிறது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் 29 சதவீதமாக இருந்தது. உள்நாட்டு விமானங்களை எந்த ஊரில் நிறுத்தி எண்ணெய் நிரப்புவது என்று நிறுவனங்கள் கணக்குப் போடும்போது இதைத்தான் முதலில் பார்க்கின்றன.

ஆகவே தம்பி, யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும். கழிப்பறை, தள்ளுவண்டி, குளிர்சாதனம் என்றால் பெருங்குடியில் உள்ள விமான நிலைய இயக்குநர். குப்பை, நிலம், சுற்றுச்சாலை என்றால் மாநகராட்சியும் மாவட்ட ஆட்சியரும். வெளிநாட்டு விமானம் என்றால் டெல்லியில் சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், அதுவும் வெளிநாடுகளோடு ஒப்பந்தம் பேசும் பிரிவு. உங்கள் ஊர்ச் சங்கம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் மனுக் கொடுக்கப்போவதாக எழுதியிருந்தீர்கள். "மதுரையைச் சர்வதேச விமான நிலையமாக்குக" என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகியவற்றோடு உள்ள ஒப்பந்தங்களில் மதுரையைச் சேர்க்க வேண்டும், தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்குத் திறந்துள்ள 18 நகரங்களின் பட்டியலில் மதுரையையும் வைக்க வேண்டும் என்று நாடுகளின் பெயரோடு கேளுங்கள். அடுத்த முறை அந்த நாடுகளோடு பேச்சுவார்த்தை எப்போது, அதில் மதுரையின் பெயர் வைக்கப்படுமா என்று நாடாளுமன்றத்தில் எழுத்துமூலம் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். அதற்கு அமைச்சர் எழுத்திலேயே பதில் தர வேண்டும். அந்தப் பதிலின் நகலை எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.